தெக்லா புஷ்மன் மூடிய கதவு

ஹெர்மினா டிரெக்ஸ்ஹாகே பதினோரு வருஷத்தில் இருபத்துமூன்று ஜெர்மன் நாடகங்களை அமெரிக்க மேடைக்கு ஏற்றபடி மாற்றி எழுதியவள். ஒரு சுவரொட்டியிலும் அவள் பெயர் வந்ததில்லை. எழுதியவர் என்று மூல ஆசிரியரின் பெயர் இருக்கும். தழுவியவர் என்று முதலாளி வார்ட்வெல்லின் மைத்துனன் பெயர் இருக்கும். அந்த மைத்துனனுக்கு ஜெர்மனில் பீருக்குப் பீர் என்றுதான் பெயர் என்பது மட்டும் தெரியும். ஹெர்மினா அதைப் பெரிதுபடுத்தவில்லை. வேலை பிடித்திருந்தது, பெயரில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

பெர்லினிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் நாடகப் பிரதிகள் கட்டுக் கட்டாகக் கப்பலில் வரும். கப்பல் வந்து நிற்பது ஹோபோக்கன் துறையில், அவள் வீட்டிலிருந்து ஐந்து தெரு தள்ளி. கட்டு அங்கிருந்து ஆற்றைத் தாண்டி நியூயார்க்கில் வார்ட்வெல் அலுவலகத்துக்குப் போகும். பிறகு அவளுடைய பையில் ஏறி, படகில் ஹோபோக்கனுக்கே திரும்பி வரும். அடுப்படி மேஜையில் வைத்துத்தான் அவள் அதைப் பிரிப்பாள். ஐந்து அங்கம் மூன்றாகும். பன்னிரண்டு பேர் ஏழு பேராவார்கள். கடவுள் உண்டா இல்லையா என்று பாதிரியாரும் டாக்டரும் நாலு பக்கம் வாதாடினால் பாதிரியார் மட்டும் மிஞ்சுவார், அவருக்கும் ஒரு வரிதான்.

"ஜெர்மன் காதலன் ஒரு பக்கம் பேசிட்டு முத்தம் குடுப்பான், நம்ம ஆளு முத்தம் குடுத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பான். அதை மனசுல வெச்சுக்கோ, டிரெக்ஸி," என்பார் வார்ட்வெல். அவர் வாயில் அவள் முழுப்பெயர் நுழைவதில்லை.

எதை வேண்டுமானாலும் வெட்டிவிடலாம், ஒட்டிவிடலாம். ஒன்று மட்டும் அவளை எப்போதும் படுத்தியெடுத்தது. ஜெர்மனில் 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இரண்டு அங்கம் முழுக்க 'நீங்கள்' என்று பேசிவந்த பெண் மூன்றாவதில் தன்னை மறந்து 'நீ' என்று சொல்லிவிடுவாள், பெர்லினில் அரங்கமே மூச்சடங்கிப்போகும். நியூயார்க்கில் அதே இடத்தில் ஒருவர் தொண்டையைச் செருமுவார். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக என்ன செய்வது என்று அவள் நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பாள். கைக்குட்டை கீழே விழவேண்டும், அல்லது குடும்பப் பெயரை விட்டுச் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், ஏதோ ஒன்று.

அவள் கணவன் அன்செல்ம் நியூயார்க்கில் ஜெர்மன் நாடகம் போடும் கொட்டகையில் தச்சன். ஓஸ்னாப்ரூக்கில் பிறந்து இருபது வயதில் வந்தவன். அமெரிக்கக் குடிமகனாவதற்கு இரண்டு முறை விண்ணப்பம் போடவேண்டும். முதல் விண்ணப்பம் போட்டுவிட்டான், இரண்டாவது பன்னிரண்டு வருஷமாகப் பாக்கி.

"அங்க போனா ஒரு நாள் பூரா பெஞ்சுல உக்காரணும், மின்னா. நான் செய்யற பெஞ்சே அதைவிட நல்லாருக்கும்," என்பான். கேட்டு அவளும் சிரித்திருக்கிறாள்.

1914 மே மாதம் வந்த ஒரு கட்டில் பிரெஸ்லாவிலிருந்து ஒரு நாடகம் இருந்தது. தெக்லா புஷ்மன் என்று ஒரு பள்ளி ஆசிரியை எழுதியது. பெயர் 'வெளுப்பு'. ஒரு சலவைக்காரி, விதவை. அவளுடைய ஒரே மகள் கல்யாணமான ஒருவனோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். நாலு வருஷம் கழித்து, பனிக்காலத்தில், தனியாகத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். அந்த வீட்டுக் கதவு இரண்டு பாதி. மேல் பாதியைத் திறந்து தாய் மகளைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல், "யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" என்கிறாள். கதவை மூடுகிறாள். பிறகு உலர்ந்த படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து மடிக்கப் பார்க்கிறாள். இரண்டு பேர் பிடிக்கவேண்டிய விரிப்பு. ஒருத்தியாகவே மடித்து முடிக்கிறாள். திரை.

ஹெர்மினா படகில் நின்றபடியே அதைப் படித்தாள். துறை வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. படகு அவளோடு திரும்ப நியூயார்க்குக்கே போய்விட்டது.

வார்ட்வெல் பத்து வரி சுருக்கம் கேட்டுவிட்டுக் கையை உதறினார். "சலவைக்காரி துணி மடிக்கிறதைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? என் பொண்டாட்டியே வீட்டுல சும்மா காட்டுறா."

ஆனாலும் ஹெர்மினா பிரெஸ்லாவுக்குக் கடிதம் எழுதினாள், முதலாளிக்குச் சொல்லாமல். பதில் வந்தது. கைக்கணக்குப் போடுவதுபோல் நெருக்கமான எழுத்து. ஊரை மாற்றுங்கள், பெயரை மாற்றுங்கள், பாத்திரங்களைக் குறையுங்கள், நகைச்சுவை வேண்டுமானால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள் என்று தெக்லா எழுதியிருந்தாள். "ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கதவைத் திறந்துவிடாதீர்கள். அந்தக் கதவு எனக்குத் தெரியும்." ஹெர்மினா வாக்குக் கொடுத்து மறு கடிதம் போட்டாள். மூடியவள் தெக்லாதான் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. கடிதங்கள் மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று என்று தேய்ந்து, 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியதும் அடியோடு நின்றுபோயின.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. துறையில் நின்ற ஜெர்மன் கப்பல்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஜெர்மன் குடிமக்கள் துறையிலிருந்து அரை மைலுக்குள் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஐந்து தெரு என்றால் கால் மைல்கூட இல்லை. அவளும் அன்செல்மும் மேட்டின்மேல் மேற்கு ஹோபோக்கனில், ஒரு பூவேலைப் பட்டறைக்கு மேலே இரண்டு அறை பிடித்தார்கள். கீழே இயந்திரங்கள் ஓடினால் மேலே மேஜையில் மைக்கூடு நகரும். அன்செல்ம் வேலை பார்த்த கொட்டகையில் கூட்டம் குறைந்து குறைந்து ஒரு நாள் பூட்டு விழுந்தது. வேறு கொட்டகைக்குப் போகலாமென்றால் படகில் ஏற அவனுக்கு அனுமதி இல்லை. ஆற்றங்கரைப் பக்கமே போகக் கூடாதவன் ஆற்றைத் தாண்டுவது எப்படி? சும்மா இருக்க முடியாமல் வீட்டிலிருந்த நாற்காலிகளையெல்லாம் பிரித்துத் திரும்பக் கோத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பெஞ்சுல ஒரு நாள் உக்காந்திருக்கலாம்," என்றான் ஒரு தரம். அவள் அடுப்பைக் கிளறப் போனாள். பதில் சொல்லியிருந்தால் அது நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

அந்த நவம்பரில் வார்ட்வெல் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தத் துணி துவைக்கிறவ கதை இருந்துச்சே, அது எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு. ஏன் கேக்கறீங்க?"

"ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பையன் கப்பலேறிப் போயிட்டான். அத்தனை அம்மாவும் கதவைப் பார்த்துட்டு உக்காந்திருக்கா. இப்ப அவளுகளுக்கு என்ன வேணும் சொல்லு? ஒரு கதவு திறக்கணும்."

"இந்தக் கதவு திறக்காது, மிஸ்டர் வார்ட்வெல். அதுதான் நாடகமே."

"திறக்கும். குடும்பம் ஐரிஷ் குடும்பம். ஊரு பென்சில்வேனியா. எழுதினது டெரன்ஸ் மக்வே."

"யாரு அது?"

"யாருக்குத் தெரியும்? இப்பத்தான் பொறந்தான்."

ஹெர்மினா எழுந்துவிட்டாள். எழுதியவளின் பெயரை எடுக்க முடியாது, அது திருட்டு என்றாள். வார்ட்வெல்லுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சுவரொட்டியில புஷ்மன்னு போட்டா முதல் நாளே கல்லெறிவாங்க, டிரெக்ஸி. உன் பேரைப் போட்டாலும் எறிவாங்க. உன் வீட்டுக்காரன் படகேற முடியாம உக்காந்திருக்கான்னு கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிஞ்சவங்க நாலு பேர் இருக்காங்க. அனுமதிச் சீட்டுக்கு நான் ஒரு கடிதாசி குடுக்கறேன். நல்லவன், நம்பலாம்னு. எம் பேரு போட்டு."

வீட்டுக்கு வந்து அன்செல்மிடம் சொன்னாள். அவன் கையில் ஒரு நாற்காலிக் கால் இருந்தது.

"எனக்காகன்னு செய்யாத," என்றான்.

"வேற யாருக்காகச் செய்யறது?"

"அந்த அம்மா உங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு, மின்னா."

"நீயும் ஒண்ணே ஒண்ணுதான் செய்யவேண்டியிருந்துச்சு, ரெண்டாவது விண்ணப்பம்!"

அவன் நாற்காலிக் காலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

அவளை இன்றளவும் குடைவது வாக்கு மீறினாள் என்பது அல்ல, அந்தக் காட்சி அவ்வளவு எளிதாக வந்ததே என்பதுதான். தாய் கதவை மூடுகிறாள். விரிப்பை எடுக்கிறாள். ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு மடிக்கப் பார்க்கிறாள், நழுவுகிறது. மறுபடி மடிக்கிறாள், நழுவுகிறது. விரிப்பைத் தரையில் இழுத்தபடியே கதவுக்குப் போய் இரண்டு பாதியையும் திறக்கிறாள். "உள்ள வா. அந்த முனையைப் பிடி." அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. எழுதி முடித்ததும் அவளுக்கே கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே அவமானமாக இருந்தது. இவ்வளவு நன்றாக வந்துவிட்டதே என்று.

நாடகத்துக்கு 'உள்ளே வா' என்று பெயர் வைத்தார் வார்ட்வெல். 1918 மார்ச்சில் மேடையேறியது. முதல் நாள் ஹெர்மினா மேல் மாடத்தில் நின்று பார்த்தாள். கதவின் இரண்டாவது பாதி திறந்தபோது ஆண்கள்கூட முகத்தை மறைத்துக்கொண்டார்கள். வார்ட்வெல் கடிதம் கொடுத்ததும் உண்மைதான், தலைப்பு அச்சடித்த தாளில், அழகாக. ஆனால் அனுமதிச் சீட்டு வரவில்லை. ஏன் என்று கேட்கவும் இடமில்லை. அன்செல்ம் மேட்டிலேயே ஒரு சவப்பெட்டிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான்.

ஜூன் மாதம் அவள் முறை வந்தது. ஹோபோக்கனில் பிறந்தவளானாலும், வேற்று நாட்டானைக் கட்டிக்கொண்டால் பெண்ணும் வேற்று நாட்டவள்தான் என்பது சட்டம். எதிரி நாட்டுப் பெண்கள் எல்லாரும் காவல் நிலையத்துக்கு வந்து பெயர் பதியவேண்டும், நாலு புகைப்படம் கொண்டுவரவேண்டும், பத்து விரலும் மையில் தோய்த்துக் கொடுக்கவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவன் டூலன். பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்துக் கணக்கெழுதிப் பாஸானவன்.

"பேரு சொல்லுங்க," என்றான், நிமிராமல்.

"ஹெர்மினா டிரெக்ஸ்ஹாகே."

"பொறந்த ஊரு?"

"வில்லோ தெரு. உங்க வீட்டுக்கு மூணாவது வீடு."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். "மின்னா, இப்படித்தான் கேக்கச் சொல்லியிருக்காங்க. நான் என்ன செய்யட்டும்? கையைக் குடு." ஒவ்வொரு விரலாகப் பிடித்து மையில் உருட்டினான். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "உனக்கு நாடகம்னா பிடிக்குமே, 'உள்ளே வா' பார்த்தியா?" என்றான்.

"ம்."

"என் பொண்டாட்டி மூணு தரம் போயிட்டு வந்தா. எங்க ஐரிஷ் அம்மாக்களை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான் அந்த ஆளு. வெளியாளுக்கு இதெல்லாம் வருமா? ரத்தத்துல இருக்கணும்."

"ஆமா," என்றாள் ஹெர்மினா. "ரத்தத்துல இருக்கணும்." விரலைத் துடைத்துக்கொள்ள அவன் கொடுத்த துணியில் ஏற்கெனவே இருபது பெண்களின் மை இருந்தது.

டெரன்ஸ் மக்வேயைப் பேட்டி காணப் பத்திரிகைக்காரர்கள் வந்தபோது, அவன் பிரான்சில் போர்முனையில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார் வார்ட்வெல். அதற்கப்புறம் மக்வேக்குக் கடிதங்கள் குவிந்தன. எல்லாம் தாய்மார்கள். ஒருத்தி கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருந்தாள். பதில் எழுதும் வேலை ஹெர்மினா தலையில் விழுந்தது. 'அன்புள்ள அம்மா, நான் நலம்' என்று இல்லாத மகனாக இருந்து நாற்பது, ஐம்பது கடிதம் எழுதினாள். காலுறையை அன்செல்ம் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டான்.

அதில் ஒரு கடிதம் ஸ்க்ரான்டனிலிருந்து, சுரங்கத் தொழிலாளி ஒருவனின் மனைவி எழுதியது. நாடகக் குழு அந்த ஊருக்குப் போயிருந்தபோது பார்த்திருக்கிறாள். "என் மகள் போய் இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் இருக்குமிடம் எனக்குத் தெரியும், ஆனால் போகவில்லை. உங்கள் நாடகம் பார்த்த மறுநாள் ரயிலேறிப் போய்க் கூட்டிவந்துவிட்டேன். இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறாள். இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் சாப்பிடுகிறாள்."

ஹெர்மினா அதைக் கணவனுக்குப் படித்துக் காட்டினாள்.

"இதுக்கு என்ன சொல்ற?" என்றாள்.

அவன் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தரம் படித்தான். "ஒரு வீட்டுக் கதவைத் திருடிட்டுப் போயி இன்னொரு வீட்டுக்கு மாட்டியிருக்க. அந்த வீட்டுக்கு நல்லதுதான். முதல் வீட்டுக்காரிக்கு யாரு பதில் சொல்றது?"

1919 கோடையில்தான் ஜெர்மனிக்குத் தபால் மறுபடி போக ஆரம்பித்தது. முதல் வாரமே ஹெர்மினா ஆறு பக்கம் எழுதிப் போட்டாள். எதையும் மறைக்கவில்லை. பெயரை எடுத்தது, மக்வே, கதவு, விரிப்பு, தாய்மார்களுக்கு எழுதிய பொய், ஸ்க்ரான்டன் கடிதம், தான் எழுதியது தனக்கே பிடித்துப்போனது உட்பட எல்லாவற்றையும் எழுதினாள். வீட்டுக்காரனுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கும் என்று நம்பியதையும் எழுதி, பிறகு அது சாக்குப்போலத் தோன்றியதால் அடித்துவிட்டாள்.

ஐந்து மாதம் பதில் இல்லை. செத்துப்போயிருப்பாளோ என்று ஒரு பயம். படித்துவிட்டு அடுப்பில் போட்டிருப்பாளோ என்று இன்னொரு பயம். எது மேல் என்று அவளால் சொல்ல முடியவில்லை. டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. தாள் மட்டமாக இருந்தது, எழுத்து அதே நெருக்கமான எழுத்து.

"உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் பெயரை எடுத்ததை நான் மன்னிக்கப்போவதில்லை. ஒரு நாள் மன்னிப்பேன் என்று காத்திருக்காதீர்கள். ஆனால் நீங்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். உள்ளே நின்றது நானில்லை. நான் வெளியே நின்றவள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம். என் அம்மா என்னை 'நீங்க' என்றாள். அந்தப் பனிக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். நீங்கள் எழுதிய காட்சி எனக்கு வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஜெர்மனில் எழுதி அனுப்புங்கள்."

ஹெர்மினா அன்றே உட்கார்ந்தாள். தன்னுடைய சொந்த வசனம், அரைப் பக்கம்கூட இல்லை, தாய்மொழியில் எழுதவேண்டியதுதானே என்று நினைத்தாள். முதல் சொல்லிலேயே கை நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் அவள் எழுதியதில் 'வா'வும் இருந்தது, 'வாங்க'வும் இருந்தது, இரண்டும் ஒன்றாகவே இருந்தது. ஜெர்மனில் அப்படித் தப்பிக்க முடியாது. கதவை மூடும்போது 'நீங்க' என்றவள், திறக்கும்போது என்ன சொல்வாள்? நியூயார்க்கில் ஆயிரம் பேரை அழவைத்த காட்சியில் அந்தத் தாய் மகளை எப்படிக் கூப்பிட்டாள் என்று எழுதியவளுக்கே தெரியாது. அதை அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

மூன்று நாள் எழுதினாள், கிழித்தாள். அன்செல்மைக் கேட்டாள்.

"எங்கம்மாவா இருந்தா 'வாடி'ன்னு ஒரு அறையும் குடுத்திருப்பா," என்றான் அவன். "ஆனா அது எங்கம்மா."

கடைசியில் 'வா' என்றே எழுதினாள். வேறெப்படி எழுதுவது? பதினெட்டு வருஷமாக வெளியே நிற்பவளுக்கு 'வாங்க' என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

மார்ச்சில் பதில் வந்தது. அவள் அனுப்பிய தாளையே திருப்பி அனுப்பியிருந்தாள் தெக்லா. பள்ளிக்கூடத்துச் சிவப்பு மையில் 'வா' அடிக்கப்பட்டு, மேலே 'வாங்க' என்று திருத்தப்பட்டிருந்தது. 'அந்த முனையைப் பிடி' என்பதும் 'பிடிங்க' ஆகியிருந்தது. ஓரத்தில் இரண்டு வரி. "என் அம்மா 'வா' என்று சொல்லியிருக்க மாட்டாள். 'வாங்க' என்று சொல்லியிருந்தாலும் நான் உள்ளே போயிருப்பேன்."

ஹெர்மினா அதை எடுத்துக்கொண்டு படகேறி வார்ட்வெல்லிடம் போனாள். அச்சில் வரப்போகும் புத்தகத்திலாவது தெக்லா புஷ்மனின் பெயரைப் போடவேண்டும், கடைசிக் காட்சியை இப்படித் திருத்தவேண்டும் என்றாள். சண்டை முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே என்றாள்.

"சண்டை முடிஞ்சிருக்கு, டிரெக்ஸி. ஜனங்க முடிக்கலை," என்றார் அவர். "மக்வேயைக் கொன்னுட்டு அந்த இடத்துல ஒரு ஜெர்மன்காரியை உக்காரவெச்சா இந்த நாடகம் செத்துடும். சரி, திருத்தம்னு சொன்னியே, அது என்ன?"

சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உண்மையாகவே புரியாமல் பார்த்தார்.

"நம்ம மொழியில ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப என்ன மாத்தணும்ங்கற?"

இனி அவரிடம் வேலை செய்ய முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அலுவலகத்தில் வைத்திருந்த தன் கத்திரிக்கோலையும் இரண்டு அகராதியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "போயிட்டு வா, ரெண்டு நாள்ல கோபம் தீரும்," என்றார் அவர். அவள் திரும்பிப் போகவே இல்லை.

வீட்டில் உட்கார்ந்து ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். 'உள்ளே வா' நாடகத்தை எழுதியது டெரன்ஸ் மக்வே அல்ல, அப்படி ஒருவர் கிடையாது. அதை எழுதியது பிரெஸ்லா நகர ஆசிரியை தெக்லா புஷ்மன், அவருடைய பெயரை எடுத்தும் முடிவை மாற்றியும் எழுதியது நான். கீழே தன் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். அன்செல்ம் தபாலில் போடக் கூடவே வந்தான். பெட்டிக்குள் கடிதம் விழுந்த பிறகு, "இனி உனக்கு ஒருத்தனும் வேலை குடுக்கமாட்டான், தெரியுமில்ல?" என்றான்.

"தெரியும்."

"சரி. சவப்பெட்டிக்கு எப்பவும் ஆளு வேணும்."

அவன் சொன்னபடியே ஆயிற்று. வார்ட்வெல் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தாலே போதும் என்று அவருக்குத் தெரியும். மற்ற முதலாளிகள், வாயடக்கமில்லாதவள் என்று ஒதுக்கினார்கள். ஹெர்மினா பூவேலைப் பட்டறையில் வேலை செய்யும் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வருஷம் கழித்து, ஒரு சிறிய நாடக மன்றம் ஒரு வியன்னா நாடகத்தைத் தழுவித் தரச் சொல்லிக் கேட்டது. எழுதியவர் பெயர் மேலே, என் பெயர் கீழே, அப்படியானால் செய்கிறேன் என்றாள். ஒப்புக்கொண்டார்கள். பதினோரு நாள் ஓடியது. அன்செல்ம் ஒரு வழியாக ஒரு நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து குடிமகனாகிவிட்டு வந்தான். அவனோடு அவளும் மறுபடி பிறந்த நாட்டுக்காரி ஆனாள். 'உள்ளே வா' மட்டும் மக்வே பெயரில் ஊர் ஊராக ஓடிக்கொண்டே இருந்தது.

பத்திரிகை அவளுடைய கடிதத்தைச் சுருக்கி, கப்பல் அட்டவணைக்குக் கீழே ஆறு வரியில் போட்டிருந்தது. புஷ்மன் என்பது அதில் 'புஷ்னெல்' ஆகியிருந்தது. ஹெர்மினா திருத்தம் கேட்டு இரண்டு முறை எழுதினாள், அவர்கள் போடவில்லை. பிறகு அந்த ஆறு வரியை வெட்டியெடுத்து, தப்பான எழுத்துகளைத் தன் பேனாவாலேயே திருத்தி, பிரெஸ்லாவுக்குத் தபாலில் அனுப்பிவைத்தாள்.